ஐரீன் பேசும் இங்கிலீஷ்

ராயபுரம்
12–2–1953

அன்புள்ள மகன் தேவப்பிரியத்துக்கு,

கர்த்தர் கிருபையால் அப்பா, நான், உன் தங்கை சௌந்தரம் மூவரும் சுகம். கிளாஸ்கோ குளிர் உன்னையும் சுகமாக வைத்திருக்கட்டும். அப்பாவுக்கு முதுகுவலி. கடையில் மூட்டையை நானேதான் இறக்குவேன் என்கிறார், கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் வழக்கம்போல உன் கடிதத்தைக் கேட்க எல்லோரும் கூடிவிட்டார்கள். மீன்காரி மங்கம்மா கூடையோடு, பக்கத்து வீட்டு ஆங்கிலோ-இந்தியப் பெண் ஐரீன் டீயோடு. சௌந்தரம் முன்கூட்டிப் பார்க்காமல் சத்தமாக வாசித்தாள். சௌந்தரம், நீ ஐரீனிடம் இங்கிலீஷ் படிக்காதே, அது துறைமுகத்து இங்கிலீஷ், டிபன், கோடவுன் என்றால் இங்கே சிரிப்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அதையும். பாதியில் நிறுத்தத் தெரியவில்லை அவளுக்கு. மங்கம்மா உன் போட்டோவைப் பார்த்து, இன்னா நைனா, கப்பலேறி ஆறு மாசம் ஆவல, அதுக்குள்ள தொரையாயிட்டியா என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஐரீனும். டீயை மட்டும் குடிக்கவில்லை.

துரையே, அதற்கு முந்தின கடிதத்தில் என்ன எழுதினாய்? வீட்டுக்காரம்மா டீக்குக் கூப்பிட்டாள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன், மீனும் உருளைக்கிழங்குமாகத் தட்டு நிறைய வைத்தாள், அவளுக்கு டீ என்றால் சாயங்காலச் சாப்பாடாம் என்று. டின்னர் உன் லண்டன் சிநேகிதனுக்கு ராத்திரியாம், அவளுக்கு மத்தியானமாம். அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ராயபுரத்தை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறாய்?

அன்றிலிருந்து ஐரீன் வரவில்லை. அடுத்த மாதம் சௌந்தரத்துக்கு டெலிபோன் ஆபீஸில் இங்கிலீஷ் பேச்சுத் தேர்வு. இவளோ வாயைத் திறப்பதில்லை. ஐரீன் வந்து உட்காராவிட்டால் தேர்வுக்கே போகமாட்டாளாம். நேற்று நானே போனேன். ஐரீன் நாற்காலி போட்டாள், கேக் வைத்தாள். கோபமில்லை அம்மா என்றாள். பிறகு, என் அம்மா தாலாட்டினது அந்த இங்கிலீஷில்தான், அது தப்பு என்று உங்கள் மகன் சொல்லித்தான் தெரிந்தது என்றாள்.

உனக்குத் திரும்பி வரத் தமிழ் இருக்கிறது, ராசா. அவளுக்கு அந்த இங்கிலீஷ் ஒன்றுதான்.

அவளுக்கு நீயே எழுது. இங்கிலீஷில், தனிக் கவரில், அவள் பேருக்கு. இங்கே யாரும் பிரித்து வாசிக்கமாட்டோம். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. கோயிலுக்குப் போ. கர்த்தர் உன்னைக் காப்பார்.

பிழை இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் அனுப்பு.

உன் அம்மா,
தேவகிருபை அய்யாத்துரை