மில் மாடியில் ஜின்

அன்புள்ள மச்சானுக்கு,

கட்டாருக்கு வேலைக்குப் போவதாக நீங்கள் பூட்டிவிட்டுப் போன தையல் கடையில் ஜின் நடமாடுகிறதாம். கீழே இருக்கும் மில்காரர் சொல்லிச் சொல்லி, புத்தளம் முழுக்க இதே கதை.

நேற்று ஜின்னை விரட்டப் பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கூட்டிவந்தார்கள். சாவி உங்களிடம் என்பதால் கதவுக்கு வெளியே நின்றே ஓதினார். நானும் நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கீழே மிளகாய் அரைத்தார்கள். உள்ளே மூன்று தும்மல். பிறகு மெதுவாக, "அல்ஹம்துலில்லாஹ்."

"முஸ்லிம் ஜின்தான், பயப்பட ஒண்டுமில்ல," என்றார் ஹஸ்ரத்.

வீட்டில் நான் மிளகாய் வறுத்தாலும் நீங்கள் மூன்று முறைதான் தும்முவீர்கள்.

பயணம் சரிவரவில்லை என்றால் வீட்டுக்கு வர என்ன வெட்கம்? மகள் தினமும் "வாப்பா போன் கோல் எடுத்தாரா?" என்கிறாள். எத்தனை பொய்தான் சொல்வேன்?

இதைத் தபாலில் போடவில்லை. கடைக் கதவுக்கு அடியால் தள்ளிவிட்டுப் படியிலேயே இருப்பேன். தும்மி அல்லாஹ்வைப் புகழ்ந்தவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை நேற்று ஆட்களுக்கு முன்னால் விழுங்கிவிட்டேன்.

யர்ஹமுகல்லாஹ். கதவைத் திறங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா