மரத்துக்கு அடியில் போன ஹெரால்ட்

சேசு மரி சூசை துணை

கள்ளக்குறிச்சி
4-10-1987

அன்புள்ள மாமாவுக்கு உபகாரமேரி எழுதுவது.

நானும் நம் பிள்ளை பிரின்சியும் நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நான் நம்பவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படியுங்கள்.

முதல் விஷயம், காரை விற்கவில்லை. நீங்கள் அனுப்பிய புதுச்சேரிக்காரர் வந்தார். நல்ல மனிதர். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஹெரால்டில் இரண்டு கார்புரேட்டர் வைத்து ஓட்டுகிற ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார். கூரை எங்கே என்று கேட்டார். சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்த வாரமே என் வீட்டுக்காரர் கழற்றிவிட்டார், இப்போது அதற்கடியில் கோழி அடைகிறது என்றேன். காபி கொடுத்து, உங்களுக்கு எழுதியவருக்கு அன்றைக்கு மனசு சரியில்லை, வண்டி விலைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது விஷயம். டேவிட்டைக் கோபிக்காதீர்கள். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன் நீங்கள் கொடுத்த சோப்பையும் பால்பவுடரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் எழுந்தான். மாமா எப்போது வருகிறார் என்று கேட்டேன். டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விடாமல் கேட்டேன். “இரும்பு பைப்பு உருண்டுக்கினு வந்து இடது காலு மேல ஏறிடுச்சு அண்ணி. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு அண்ணன்” என்று சொல்லி அழுதுவிட்டான்.

நானும் அழுதேன். அடுப்பு மூட்டவே தோன்றவில்லை, பிரின்சிக்குப் பக்கத்து வீட்டில்தான் சாப்பாடு. பிறகு கோபம் வந்தது. கால் போனதற்கு உங்கள் மேல் என்ன கோபம்? சித்திரையில் நடந்ததை ஆவணி வரைக்கும் மறைத்தீர்களே, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் “காரை விற்றுவிடு, இந்த வருஷமும் வர முடியாது” என்று மொட்டையாக எழுதினீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என்னைக்கூட மறப்பீர்கள், அந்தக் காரை மறக்க மாட்டீர்கள். அதுவே வேண்டாம் என்றால், வீட்டுக்கே வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றுதானே அர்த்தம்?

அதனால் நானும் ஒரு முடிவு செய்தேன். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்கு. இடது காலுக்கு இருக்கிற ஒரே வேலை கிளட்ச். அந்த ஒரு வேலையைக் கைக்கு மாற்றிவிட்டால் என்ன? கச்சிராயபாளையத்தில் லேத் வைத்திருக்கும் இருசப்பனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பழைய புல்லட்டின் கிளட்ச் லீவர் ஒன்றை எடுத்து கியர் கம்பியிலேயே பொருத்தச் சொன்னேன். கியரைப் பிடிக்கிற கையே கிளட்சையும் அமுக்கிக்கொள்ளும். “உங்களுக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்குதே, இன்னாத்துக்கும்மா இது?” என்றார். போட்டுக் கொடுங்கள், பிறகு சொல்கிறேன் என்றேன். புல்லட் கேபிள் முதல் அமுக்கிலேயே அறுந்தது. ஜீப் ஹேண்ட்பிரேக் கேபிள் போட்டு, பெடலில் ஒரு நீளமான பட்டையை வெல்டு வைத்தார். இப்போது என் கைக்கே இலகுவாக இருக்கிறது. கையோடு முன்சக்கர முட்டிகளுக்குக் கிரீஸ் அடிக்கக் கிளம்பினார். கையைத் தட்டிவிட்டேன். ஹெரால்டுக்கு அங்கே கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று நீங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது எனக்கு மறக்குமா?

வேலை முடிந்தது மறியல் நடந்த வாரத்தில். இட ஒதுக்கீடு கேட்டு ரோடு ரோடாக மரத்தை வெட்டிப் போட்டார்கள், அங்கே பேப்பரிலும் வந்திருக்கும். மெயின் ரோட்டோடு நின்றுவிடும், உள் ரோட்டில் போய் வண்டியை எடுத்து வந்துவிடலாம் என்று நான் அசட்டுத் தைரியத்தில் காலையில் கிளம்பிவிட்டேன். திரும்பி வரும்போது பாதி வழியில் பெரிய புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. ஒரு நுனி மேட்டிலும் மறு நுனி பாலத்துச் சுவரிலுமாகச் சாய்ந்து கிடந்ததால் நடுவில் கொஞ்சம் சந்து இருந்தது. முன்னால் கருங்கல் வேறு அடுக்கியிருந்தார்கள்.

நான் அப்போது எப்படி ஓட்டிக்கொண்டு வந்தேன் தெரியுமா? இடது காலை மடக்கி சீட்டில் வைத்து, பழக்கதோஷத்தில் நீட்டிவிடாமல் இருக்கத் துண்டால் கட்டியிருந்தேன். மரத்தடியில் இருந்தவர்களில் அம்மாசி என்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, “காலுக்கு இன்னாம்மா ஆச்சு?” என்று கேட்டார். “எனக்கு இல்லிங்க. எங்க வூட்டுக்காரருக்கு. மஸ்கட்ல காலு போயிடுச்சு. அவரு வந்து ஓட்டணும்னு இதை மாத்திக்கினு வரேன்” என்றேன். உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஆட்களிடம் நடுரோட்டில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அழுகை வந்தது. அவர்களில் ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

அம்மாசி யோசித்துவிட்டு, “மரத்தை நவுத்த மாட்டோம்மா, எங்க புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும்தான் இங்க குந்திக்கினு கிடக்கறோம். அடியில பூந்து போவ முடிஞ்சா போ” என்றார். நீங்கள் வைத்த குட்டை முன்கண்ணாடியையும் கழற்றிவிட்டு அளந்து பார்த்தோம். ஸ்டியரிங் நாலு விரல் இடித்தது.

பால் சொசைட்டி மேடு ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்திய நாளிலிருந்து, அந்த மேடு வந்தாலே என்னையும் பிரின்சியையும் இறக்கி நடக்கவிட்டு, அந்தப் பக்கம் போய் ஏற்றிக்கொள்வீர்கள். வண்டியின் வயிறு இடிக்கும் என்று. தவக்களை போகிறது பார் என்று ஊரே சிரிக்கும், எனக்கு மானம் போகும். அன்றைக்கு அந்த மேடுதான் கைகொடுத்தது. நாங்கள் இறங்கினால் வண்டி ஏறுகிறது என்றால், பாரம் ஏற்றினால் இறங்கத்தானே வேண்டும்? அவர்கள் அடுக்கிய கல்லையே எடுத்து வண்டிக்குள் போடச் சொன்னேன். டிக்கியிலும் கால் வைக்கிற இடத்திலும் போட்டார்கள். வண்டி அமுங்கி அமுங்கித் தரையோடு உட்கார்ந்தது.

நான் பக்கத்து சீட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டேன். வலது கால் ஆக்சிலரேட்டரில், இடது கை லீவரில். அம்மாசி முன்னால் நின்று “வா, வா, தோ வா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதல் கியரில், லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஊர்ந்தேன். முகத்துக்கு மேலே புளியமரத்துப் பட்டை போனது. ஒரு முறைகூட இன்ஜின் நிற்கவில்லை மாமா! அந்தப் பக்கம் போனதும் எல்லோரும் விசில் அடித்தார்கள். பிறகு கல்லையெல்லாம் இறக்கி, மரத்துக்கு முன்னால் பழையபடி அடுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஊரே சிரித்த உங்கள் தவக்களை தவிர வேறு எந்த வண்டியும் அன்றைக்கு அந்த ரோட்டில் போகவில்லை.

போன வாரம் வெள்ளிமலை ஏற்றத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. ஒற்றைக் கையில் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுதான் கொஞ்சம் பழக வேண்டும். என்னால் முடிகிறது, உங்களால் முடியாதா?

உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். பிரின்சிக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். கட்டைக் கால் வைத்து வருவீர்களோ, கம்பு ஊன்றி வருவீர்களோ, எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கு எங்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற வேலை உங்களுடையது. மேட்டில் நாங்கள் இறங்கி நடக்கிறோம், நீங்கள் உட்கார்ந்தே இருங்கள்.

கடைசியாக ஒன்று. இன்று காலையில் டிரைவர் சீட்டின் போல்ட்டைக் கழற்றி, உங்கள் உயரத்துக்குப் பின்னால் தள்ளி முடுக்கிவிட்டேன். இப்போது என் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் வாருங்கள், வண்டியை எடுக்க ஆள் இல்லை.

உங்கள்
உபகாரமேரி