உப்புத் தீவில் ஒரு குடம் தண்ணீர்

சித்திரைக் கடைசி, சனிக்கிழமை. மன்றோ தீவு.

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா குடிக்க வைத்திருந்த ஒரு குடம் தண்ணீரை இன்று நான் காலில் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

செங்கோட்டை தாண்டி மலையாள நாட்டுக்கு மலை ஏறியதிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல். வளைவுக்கு வளைவு தண்ணீர் சும்மா ஓடுகிறது. விளாத்திகுளத்தில் என் மிளகாய் இந்த வருஷமும் கருகித்தான் போனது. காரை விட்டுப் படகில் தீவுக்கு வந்தால் நாலு பக்கமும் தண்ணீர். வாசலில் மூடியிருந்த குடத்தைத் தூக்கிச் சகதிக் காலில் கவிழ்த்தேன்.

"ஏலே, நம்ம ஊர்ல இப்படி ஊத்த முடியுமா? இவியளுக்கு என்ன, கேப்பாரில்லாத தண்ணி" என்று மகனிடம் சத்தமாகவே சொன்னேன்.

உள்ளே அந்தம்மாவோடு மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்த மருமகள் ஓடி வந்தாள். "மாமா, அது குடிக்கிற தண்ணி! சுத்தி இருக்கதெல்லாம் உப்பு. குழாயில இனி என்னைக்கு வருமோன்னு இருக்காவ."

 அந்தம்மா குடத்தின் அடியில் கிடந்ததைச் செம்பில் வடித்து, ராத்திரி அதை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வீட்ல ஒரு செம்பு சிந்துனா எங்கள என்ன பேச்சு பேசுதீய" என்றான் மகன்.  அந்தச் செம்பை நான் தொடவில்லை.

காலையில் அக்கரைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும். படகை மகன் பேசட்டும், குடத்தை நான்தான் சுமக்க வேண்டும். எனக்காக மருமகள் மன்னிப்புக் கேட்கக் கூடாது. மலையாளத்தில் அதற்கு என்ன சொல்வது என்று மட்டும் அவள் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.