ஆட்டத்தை நிறுத்தாத நடுவன் அழிசி குறித்து ஐந்து கூற்றத்து அரையர்களுக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. ஏரிகள் நிறைக. எல்லை காப்போர் இனிது உறங்குக.

பொன்னாற்றின் இருகரையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், உப்பளத்துக்கும் மலைச்சாரலுக்கும் ஒரே அளவு மரக்கால் வகுத்தவரும், பகைவரின் தூதனுக்கும் இருக்கை தந்து அவன் சொல்லை முழுதும் கேட்பவருமான கோமகள் எழிலிப் பிராட்டியார் திருவாய் மொழிய, திருமந்திர ஓலைக்காரன் காரி நம்பன் எழுதிய ஓலை. வடகரைக் கூற்றத்து அரையர் மதிலன் கொற்றனாரும், அவரோடு ஒப்பமிட்ட ஏனை நான்கு கூற்றத்து அரையர்களும் காண்க. உங்கள் கழனிகள் விளைக. உங்கள் களிறுகள் நோயின்றி வாழ்க. உங்கள் வாயிலுக்கு வந்தவர் எவரும் பசியோடு திரும்பாதிருக்க.

நீங்கள் பட்டு நூலால் கட்டி, சந்தனம் பூசி விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அவையில் இருமுறை வாசிக்கப்பட்டது. ஐந்து கூற்றத்தாரும் அறுவடை முடிந்து ஆண்டுதோறும் ஆடும் காற்பந்துத் தொடர் நலிந்துவிட்டது என்றும், களத்தைச் சுற்றிப் போட்ட கயிற்றுக்கு வெளியே ஆட்டக்காரரின் தாயும் தமக்கையுமன்றி வேறு மக்கள் நிற்பதில்லை என்றும், இந்த நலிவுக்குக் காரணம் புரவலர்களாகிய உங்களுக்குச் செய்யும் மரியாதை போதாமையே என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். ஆகவே களத்தில் சித்திரப் பந்தல் ஒன்று எழுப்பவும், பரிவட்டப் பட்டு இரட்டிப்பாக வழங்கவும் அரச பண்டாரத்திலிருந்து நெல் வேண்டினீர்கள். அத்தோடு, இறுதி ஆட்டத்தின் நடுவே பிராட்டியார் களம் புகுந்தபோது ஆட்டத்தை நிறுத்தாது அவமதித்த நடுவன், உமணன் அழிசிக்கு என்ன தண்டம் என்று கேட்டிருந்தீர்கள். அவனைத் தானியக் கொட்டிலில் அடைத்து வைத்ததையும், அவனுடைய உப்பு வண்டியையும் எருதுகளையும் பிடித்துக் கட்டியதையும், இதற்குள் செய்து முடித்த நற்செயல்களாகக் குறித்திருந்தீர்கள்.

இவற்றுக்கு விடை கூறுமுன், இந்த ஓலை ஊர் மன்றங்களிலும் வாசிக்கப்படும் என்பதால், நடந்தது நடந்தபடி இங்கே எழுதப்படுகிறது. அரையர்கள் அறிந்த செய்தியே ஆயினும் பொறுமையோடு கேட்க.

பிராட்டியாரின் தந்தையார் காலத்தில் இந்தத் தொடருக்குப் புரவலர் என்று ஒருவரும் இல்லை. ஆட்டத்தன்று ஓடக்காரர் ஓடத்தைக் கட்டிவிட்டு வந்தனர். குயவர் சூளையை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்து வந்தனர். பார்க்க வந்தவர் ஆளுக்கு ஒரு நாழி நெல்லைக் களத்து வாயிலில் கொட்டினர். அந்த நெல்லே ஆட்டக்காரருக்குச் சோறாகவும், பந்து தைப்பவனுக்குக் கூலியாகவும் ஆயிற்று. வறட்சி வந்த ஆண்டுகளில் நாழி நெல் குறைந்தது. அப்போது அரையர்கள் ஐவரும் முன்வந்து நெல் தந்தீர்கள். அது நல்லெண்ணம்தான், அதை மறுப்பார் இல்லை. கைம்மாறாக ஒரு வழக்கம் ஏற்பட்டது. அரையர் எவர் களம் புகுந்தாலும் நடுவன் கொம்பூதி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். சங்கு முழங்கிப் பரிவட்டம் கட்டி மாலை சூட்ட வேண்டும். பந்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைக்க வேண்டும். அவர் உதைத்த பிறகே ஆட்டம் தொடர வேண்டும். ஐவரும் வந்து உதைக்காத ஆட்டம் முடிந்ததாகக் கொள்ளப்படாது.

இதன்பின் ஐவரில் கடைசியாக வருபவரே பெரியவர் என்ற எண்ணம் பிறந்தது. அது எவருடைய தலையில் முதலில் பிறந்தது என்று இந்த ஓலை ஆராயாது. ஓர் ஆண்டு, கீழ்க்கடல் கூற்றத்து அரையர் களத்துக்குத் தெற்கே மாந்தோப்பிலும், மேட்டுக்கழனிக் கூற்றத்து அரையர் வடக்கே புளியந்தோப்பிலும் பல்லக்கை இறக்கி, ஒருவர் குடை உள்ளே போகட்டும் என்று மற்றவர் காத்திருந்தீர்கள். பந்து கண்ணுக்குத் தெரியாமல் இருட்டும்வரை ஆட்டக்காரர் ஆடிப்பார்த்து வீடு திரும்பினர். வழக்கப்படி அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை.

மக்கள் வரவு குறைந்தது. குறைந்ததைக் கண்டு மேலும் மரியாதை சேர்த்தீர்கள். சேர்க்கச் சேர்க்க இன்னும் குறைந்தது. நோயாளிக்கு எந்தப் பண்டம் ஒவ்வவில்லையோ அதையே மருந்தென்று இருவேளை கொடுத்தது போலாயிற்று. இந்தக் குற்றத்தில் பிராட்டியாருக்கும் பங்கு உண்டு. அவரும் ஆண்டுதோறும் வந்தார், அவருக்கும் ஆட்டம் நின்றது, அவரும் உதைத்தார்.

இனி உமணன் அழிசி. நடுவனாக நிற்பவனுக்கு ஐந்து கூற்றத்திலும் ஒரு சாண் நிலம்கூட இருத்தலாகாது என்பது இந்நாட்டு வழக்கம். ஆகையால் ஊர் ஊராக உப்பு விற்றுத் திரியும் உமணர்களிலிருந்தே நடுவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அழிசிக்கும் அப்படித்தான் கொம்பு வந்தது. குட்டையான மனிதன்; பேச்சு குறைவு; உப்பு விலையில் ஒரு காசு குறைக்கமாட்டான் என்று பெண்கள் அவனைத் திட்டுவார்களாம். கொம்பைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் அவன் வேறு ஆளாகிவிடுவான் என்று அதே பெண்கள் சொல்கிறார்கள். ஆண்டில் மற்ற நாளெல்லாம் வண்டி ஓட்டியதே அந்தச் சில நாள்களுக்காகத்தான் என்று அவனே அவையில் சொன்னான்.

இறுதி ஆட்டம் வடகரைக் கூற்றத்துக்கும் மலைச்சாரல் கூற்றத்துக்கும் நடந்தது. இருபுறமும் சமமாக நின்றன. அந்நேரம் மலைச்சாரல் ஆட்டக்காரன் பிட்டன் என்பவனுக்குக் களத்தின் நடுவில் பந்து கிடைத்தது. ஒருவனைக் கடந்தான்; இன்னொருவனையும் கடந்தான்; முன்னே பந்து புக வேண்டிய மூங்கில் வாயிலும் அதைக் காத்து நின்ற வடகரைக்காரன் ஒருவனும் மட்டுமே. அப்போதுதான் பிராட்டியாரின் சங்கு முழங்கியது. அரையர்கள் ஐவரும் எழுந்தீர்கள். அழிசி சங்கைக் கேட்டான். அது யாருடைய சங்கு என்பதும் அவனுக்குத் தெரியும், வெண்குடையையும் கண்டான். கொம்பு அவன் வாய்வரை போயிற்று. ஆனால் ஒலி எழவில்லை. பிட்டன் உதைத்தான். காத்து நின்றவனும் சங்கைக் கேட்டவன்தான், அவனும் திரும்பவில்லை, பாய்ந்தான், அவன் விரலில் பட்டும் நில்லாமல் பந்து மூங்கில் வாயிலுக்குள் புகுந்தது. எழுந்த ஆரவாரத்தில் சங்கொலி அமுங்கிப்போயிற்று. இத்தனை சிறு கூட்டத்துக்கு இத்தனை பெரிய குரலா என்று குடை பிடித்தவன் பிறகு வியந்தான்.

மதிலன் கொற்றனார் அப்பொழுதே அழிசியைப் பிடிக்கச் சொன்னார். பந்து புகுந்தது செல்லாது என்று அறிவித்தார். வேறொரு நாளில் வேறொரு நடுவனை வைத்து மறு ஆட்டம் என்று பறையறைவித்தார். புகுந்த பந்து வடகரைக்கு எதிராகப் புகுந்தது என்பதும், கொற்றனார் வடகரைக்கு அரையர் என்பதும் தற்செயல் என்றே பிராட்டியார் கொள்கிறார்.

உப்பு வண்டிகள் போகுமிடமெல்லாம் செய்தியும் போகும். சங்கு முழங்கியும் நிற்காத ஓர் ஆட்டம் நடந்தது என்று மற்ற உமணர்கள் ஐந்து கூற்றத்திலும் சொல்லிவிட்டார்கள். மறு ஆட்டத்தன்று பல ஆண்டுகளாகக் காணாத கூட்டம், நாழி நெல்லை மடியில் கட்டிக்கொண்டு வந்தது. களத்தில் அழிசி இல்லை என்று கண்டதும் கலைந்துவிட்டது. மக்களுக்குப் பற்றில்லை என்பதற்குச் சான்றாக இதை உங்கள் ஓலையில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொண்டுவந்த உங்கள் தூதனைப் பிராட்டியார் தனியே கேட்டார். எங்கள் உமணனைப் பூட்டி வைத்துவிட்டு எவன் கொம்புக்கு நாங்கள் உட்கார வேண்டும் என்று ஒரு குயத்தி கேட்டதாகவும், மடியிலிருந்த நெல்லை அவிழ்க்காமலே திரும்பியதாகவும் அவன் சொன்னான். நல்ல தூதன், அவனைக் கடிந்துகொள்ளற்க.

அதன்பின் அழிசி அவைக்கு அழைக்கப்பட்டான். அவன் அஞ்சியிருந்தான். கொட்டிலில் இருந்த நாளெல்லாம் தலை போகுமோ என்று நினைத்ததைவிட, கொம்பு போகுமோ என்று நினைத்ததே மிகுதி என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. வேண்டுவது யாது எனப் பிராட்டியார் முதலில் கேட்டதற்கு, தன் எருதுகளுக்கு யாரும் வைக்கோல் போடவில்லை என்றான். அது உடனே கவனிக்கப்பட்டது.

அரையர்கள் வந்தபோதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தியவன் அன்று மட்டும் ஏன் நிறுத்தவில்லை என்று அடுத்துக் கேட்டார். அவையிலிருந்தோர் அவன் வாயில் ஓர் அழகான விடையை எதிர்பார்த்தனர். ஆட்டமே அரசருக்கும் மேல் என்றோ, நடுவனுக்கு அஞ்சாமையே அணி என்றோ அவன் சொல்லியிருந்தால் ஓலைக்காரனுக்கும் எழுத இனிதாக இருந்திருக்கும். அவனோ தரையைப் பார்த்தபடி, ஊதத்தான் கொம்பை எடுத்தேன் தாயே, ஆனால் பிட்டன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும் என்னை அறியாமல் போடுடா என்று கத்திவிட்டேன், கத்துகிற வாயால் எப்படி ஊதுவது என்றான்.

அவை சிரித்தது. அழிசி சிரிக்கவில்லை. ஏனென்றால் தான் ஒப்புக்கொண்டது எத்தகைய குற்றம் என்பது அவையிலிருந்த எல்லாரையும்விட அவனுக்கே தெரியும். நடுவன் வாயில் கொம்பொலியன்றி ஒரு புறத்துக்காக ஒரு சொல்லும் எழலாகாது. எழுந்தால் கொம்பு பறிபோகும். அவன் சொல்லாதிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. ஆரவாரத்தில் அவன் குரலைக் கேட்டவர் எவருமில்லை.

ஆதலால் கோமகளின் முடிவுகள் இவை.

அழிசி பிராட்டியாரை அவமதித்தான் என்ற வழக்கு தள்ளப்படுகிறது. மாலை ஏற்கக் கழுத்தைத் தாழ்த்தாமல் பிராட்டியார் சினத்தால் விறைத்து நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. ஆட்சிக்கு வந்த நாளிலிருந்து அவர் எத்தனையோ ஆட்டங்களுக்கு வந்திருக்கிறார். வந்த இடமெல்லாம் ஆட்டம் நின்றுவிடுவதாலும், உதைத்ததும் அவர் புறப்பட்டுவிடுவதாலும், காலடியில் அசையாது கிடக்கும் பந்தைத் தவிர வேறு பந்தை அவர் கண்டதில்லை. ஒரு பந்து ஓடி வாயிலுக்குள் புகுவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். கொற்றனார் நீட்டிய மாலை அவர் கண்ணில் படவே இல்லை. இதை வெளிப்படையாக எழுதச் சொன்னவர் அவரே.

பிட்டன் உதைத்த பந்து புகுந்தது புகுந்ததே; மறு ஆட்டம் கணக்கில் இல்லை. மலைச்சாரல் கூற்றம் வென்றது.

இனி ஆட்டம் நடக்கையில் எவருக்காகவும் கொம்பு ஊதலாகாது. தாமதமாக வருபவர் அரையராயினும், அமைச்சராயினும், கோமகளேயாயினும், இடைவேளை வரும்வரை கயிற்றுக்கு வெளியே மக்களோடு நிற்க வேண்டும். சித்திரப் பந்தலும் பட்டும் இல்லை. அவற்றுக்கென வேண்டிய நெல் ஆட்டக்காரரின் சோற்றுக்கும் பந்துக்கும் களத்தைச் செப்பனிடவும் பண்டாரத்திலிருந்து அளக்கப்படும். மரியாதை இல்லாத இடத்துக்கு நெல் தரலாகாது என்று எண்ணும் அரையர் தம் நெல்லை நிறுத்திக்கொள்ளலாம். அவர்மேல் வருத்தம் இல்லை. நாழி நெல்லை மடியில் கட்டிக்கொண்டு திரும்பிப் போனவர்கள் மீண்டும் வருவார்கள் என்று பிராட்டியார் நம்புகிறார். வராவிட்டால் அந்த இழப்பு அவருடையது.

அழிசியின் வண்டியும் எருதுகளும் இந்த ஓலை கண்டவுடன் விடப்பட வேண்டும். அவற்றுக்கான வைக்கோல் கொற்றனாரின் சொந்தப் போரிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

அழிசி ஒரு புறத்துக்காகக் கத்தினான் என்பது அவன் வாயாலேயே உறுதியாயிற்று. அரையர்களுக்கு வழக்கத்தை நீக்கி, உமணனுக்குச் சட்டத்தையும் நீக்கினால் பிறகு களத்தில் எதுவும் நிற்காது. ஆகையால் அவனிடமிருந்து கொம்பு திரும்பப் பெறப்படுகிறது. அவன் இனி நடுவனாக நிற்கலாகாது. இதைச் சொல்லும்போது பிராட்டியார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இடுப்பிலிருந்து கொம்பை அவிழ்த்துத் துணியால் துடைத்துத் தரையில் வைத்தான். அழுதான். ஓலைக்காரன் அதை எழுதாமல் விடலாம் என்று எழுத்தாணியை நிறுத்தினான், எழுதுக என்றார்.

வெளியேறும் முன் அவன் வாயிலருகே திரும்பி நின்று ஒன்று கேட்டான். நடுவன் கத்தினால் குற்றம். நான்தான் இனி நடுவன் இல்லையே, அடுத்த ஆண்டு கயிற்றுக்கு வெளியே நின்று கத்தலாமா என்றான். தாராளமாகக் கத்தலாம் என்று பிராட்டியார் அருளினார். அதையும் ஆணையாகவே எழுதச் சொன்னார்.

இந்த ஓலை ஐந்து கூற்றத்து மன்றங்களிலும் களங்களிலும் உரக்க வாசிக்கப்படுக. வெண்குடை இலச்சினை இட்டு, அரக்கு வைத்து, காரி நம்பன் எழுதினேன். உமணன் அழிசி, எந்தக் கூற்றத்துக் களத்திலும், எந்தப் புறத்துக்காகவும், தொண்டை உள்ளமட்டும் கத்துவானாக. அவனை ஒருவரும் தடுக்கற்க. இது கோமகள் ஆணை.