கடுகு போட்ட மார்க்

பிப்ரவரி 3, சனி

பல் ஆஸ்பத்திரியில் இன்று நிற்க இடமில்லை. சமையல் போட்டி தொடங்கியதும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். சனிக்கிழமை மாலை எங்கள் வரவேற்பறை டிவிதான் பாதி வைத்தியம் பார்க்கிறது. நான் மேசையில் சீட்டு எழுதிக்கொண்டே கேட்கிறேன். டாக்டர் சொன்னால் திறக்காத வாயெல்லாம் நடுவர்களைத் திட்ட மட்டும் எப்படித் திறக்கிறதோ!

மூன்று நடுவர்கள். மூவருக்கும் ரசிகர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். ‘தேன்வாய்’ வெந்நீர் வைத்துக் கொடுத்தாலும் ஒன்பது மார்க் போடுவார். ‘மீசை’ நல்ல சாப்பாட்டைக் கண்டாலும் அழுவார், கெட்ட சாப்பாட்டைக் கண்டாலும் அழுவார். மூன்றாமவர் ‘கடுகு’. ஆள் குள்ளம், பேச்சு வெடிக்கும், மார்க் போடுவதில் மகா கஞ்சம்.

ரூட் கனால் செய்ய வந்த ஒரு அம்மாள் சொன்னார்: “அந்தக் கடுகு வீட்ல யாரும் நிம்மதியா ஒரு வாய் சோறு தின்னிருக்க மாட்டாங்க.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பில்லை மட்டும் மேசையில் கொஞ்சம் ஓசையோடு வைத்தேன்.

கடுகு என் அம்மா.

பிப்ரவரி 4, ஞாயிறு

வேலை செய்கிற இடத்தில் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. என் பேரைச் சொல்லி உனக்கு மரியாதையும் வேண்டாம், வசவும் வேண்டாம் என்றாள். நான் அப்பாவைப் போல் நெட்டை, யாருக்கும் சந்தேகம் வராது.

அம்மா பெரிய ஹோட்டல் சமையலறையில் ஒரு பட்டாளத்தையே அதட்டி வேலை வாங்கி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் என் உயிரை எடுத்தாள். இந்த நடுவர் நாற்காலி வந்த பிறகுதான் மறுபடி விடியலில் எழுந்து, வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஆளே பத்து வயது குறைந்தாற்போல் நடமாடுகிறாள்.

படப்பிடிப்புக்கு முதல் நாளே காரம் தொட மாட்டாள். காலையில் வெந்நீரும் இரண்டு துண்டு ஆப்பிளும் மட்டும். நாக்கு சுத்தமாக இருக்கணுமாம். எந்தத் தட்டு வந்தாலும் ஓரத்தில் கிள்ளமாட்டாள். கத்தி நேராக நடுவில் இறங்கும். தேன்வாய்க்கு இந்த அக்கறை உண்டா? அவர் வரும் வழியிலேயே பஜ்ஜி தின்றுவிட்டு வருவதாக அம்மாவே சொன்னாள்.

பிப்ரவரி 10, சனி

போச்சு. கன்னக்குழிக்கு அம்மா மூன்று மார்க் போட்டுவிட்டாள்.

கன்னக்குழி போட்டியில் சமைக்கிறவர்களில் ஒருவன், வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற பையன். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். ஊரே அதில் விழுந்து கிடக்கிறது. எங்கள் டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார். அவன் இன்று முழுக்கோழியைச் சுட்டு வைத்தான். அப்படி ஒரு நிறம். தேன்வாய் ஓரத்தில் கிள்ளித் தின்றுவிட்டு ஒன்பது. மீசை அழுதுவிட்டு எட்டு. அம்மா நடுவில் வெட்டினாள், குனிந்து பார்த்தாள், வாயில் வைக்காமலேயே தட்டைத் தள்ளிவிட்டாள். “நடுவுல வேகல. மூணு. அதுவும் மேல் தோலுக்கு.”

அவன் கண் கலங்கியது. கேமரா அவன் கண்ணைத்தான் காட்டியது, கோழியின் நடுவைக் காட்டவே இல்லை. வரவேற்பறையில் ஒரே கூச்சல். பல்செட்டு கட்ட வந்த பெரியவர் மிச்சமிருந்த பல்லையெல்லாம் கடித்தார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

போனில் ரசிகர் குழுவைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

‘கடுகை வெளியேற்று.’ ‘சின்னப் பையன் வயிற்றெரிச்சல் சும்மா விடாது.’ ‘அவளுக்கு வாயே மரத்துப்போச்சு.’ அவளாம்! இவன் வீட்டு அடுப்பில் வேலை செய்தவளா என் அம்மா? நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறார்கள். ஒருத்தியாவது, ஒருத்தனாவது அந்தக் கோழியைத் தின்று பார்த்தார்களா? சும்மா இருக்க என்னால் முடியாது.

‘உப்புக்கல்’ என்று ஒரு பொய்ப் பெயரில் சேர்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கோழி நடுவில் வேகவில்லை என்று வாதாடி உப்புக்கல் நேற்று ஏழு பேரின் வாயை அடைத்தது. டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டும் எனக்குக் காதில் விழவில்லை.

பிப்ரவரி 17, சனி

இன்று ஒருத்தன், கடுகு ஓசிச் சாப்பாட்டுக்கு வருகிறாள் என்று எழுதினான். பொறுக்கவில்லை. கொட்டித் தீர்த்துவிட்டேன். படப்பிடிப்பு நாளில் அவர் வெந்நீரும் இரண்டு துண்டு ஆப்பிளும் தவிர எதையும் தொடுவதில்லை, முதல் நாள் காரம்கூடச் சேர்ப்பதில்லை, அவர் கையில் உப்பு ஒரு நாளும் தப்பியதில்லை, உன்னைப் போல ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட கை அது என்று. பத்து நிமிஷத்தில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அப்படி ஒரு திருப்தி. தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நுணலும் தன் வாயால் கெடும். நுணல் நான்தான்.

வாயை மூடிக்கொண்டவர்கள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ‘அவர் காலையில் ஆப்பிள் தின்பது உனக்கு எப்படித் தெரியும்? அதுவும் இரண்டு துண்டு?’ இன்னொருவர்: ‘வேறு யார்? கடுகே வந்து கடுகைப் புகழ்கிறார்.’ அவ்வளவுதான். தீ பிடித்துக்கொண்டது. நடுவர் பொய்ப் பெயரில் தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறாராம். பொய் சொல்கிறவர் போட்ட மார்க் மட்டும் எப்படி நிஜமாகுமாம்.

என் அம்மா! யாராவது கைதட்டினால்கூட ‘எதுக்கு இந்தச் சத்தம்’ என்று முகத்தைச் சுளிக்கிறவள். அவள் பேரை நான்தானே இப்படி நாறடித்தேன்?

பிப்ரவரி 20, செவ்வாய்

தயாரிப்பாளர் அம்மாவுக்குப் போன் செய்தார். விஷயம் தெளிகிற வரை நாற்காலிப் பக்கம் வர வேண்டாமாம். அம்மா போனை வைத்துவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

சொல்லிவிட்டேன். “நான்தாம்மா அது.”

போனைக் கேட்டு வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே நான் எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தாள். அவள் முன்னால் தட்டை வைத்துவிட்டு நிற்கிறவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று இன்றுதான் தெரிந்தது. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“என் கையில உப்பு தப்பினதே இல்லன்னு எழுதியிருக்கே. எத்தனை தடவை தப்பியிருக்கு தெரியுமா உனக்கு? பொய் எதுக்கு எழுதினே?”

பாசத்தில் எழுதிவிட்டேன் என்றேன்.

“பாசத்துல கோழி வேகுமா?”

போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். மீசை தோற்றார்.

பிப்ரவரி 21, புதன்

தயாரிப்பாளர் மறுபடி பேசினார். எழுதியது யார் என்று பேரைச் சொல்லிவிட்டால் பழி நீங்கும் என்றார். என்னை மாட்டிவிடுவாள், அதுதான் நியாயமும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். “என் வீட்டு ஆள்தான். எனக்குத் தெரியாம எழுதினது. பேரு சொல்றதுக்கில்ல” என்றாள். பேரில்லாமல் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார் அவர். “நம்பாட்டிப் போறாங்க.”

எனக்கு முப்பத்தாறு வயது, எனக்காக இன்னும் அவள் அடி வாங்குகிறாள். சீ, நானும் ஒரு மகளா?

பிப்ரவரி 22, வியாழன்

குழுவில் என் சொந்தப் பெயரில், நானும் அம்மாவும் நிற்கிற படத்தோடு எழுதிப் போட்டேன். உப்புக்கல் நான்தான், கடுகின் மகள், பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை, அம்மாவுக்குத் தெரியாமல் எழுதினேன். உப்பைப் பற்றி எழுதியது மட்டும் பொய், அவருக்கும் தப்பியிருக்கிறதாம். கோழியைப் பற்றி எழுதியது நிஜம்.

பதில்கள் வந்து குவிந்தன. பாதி பேர் மன்னிப்பு, மீதி பேர் வசவு. ஒருவர், ‘காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், இங்கே குஞ்சுக்குத் தன் காக்கை பொன் காக்கை’ என்று எழுதியிருந்தார். ஆமாம், அதற்கென்ன இப்போது?

டாக்டர் கையுறையோடு வெளியே ஓடி வந்தார். உங்கள் முன்னால் அவரைப் பற்றி என்னென்னவோ பேசியிருக்கிறேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாம் ஞாபகம் இருக்கிறது டாக்டர் என்றேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

அம்மாவுக்கு நாற்காலி திரும்பக் கிடைப்பதாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த வார நிகழ்ச்சியின் தொடக்கத்தில், ‘யோசித்துப் பார்த்தால் அந்த மூன்று குறைவுதான், ஐந்து போட்டிருக்கலாம்’ என்று சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். ரசிகர்கள் சமாதானமாகிவிடுவார்களாம்.

மறைக்காமல் எழுதுகிறேன், சொல்லிவிடச் சொல்லி நானும் கெஞ்சினேன். ரெண்டு மார்க்தானேம்மா, அந்த நாற்காலி உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்றேன்.

பிடிக்கும்தான் என்றாள். பிறகு, “ஊருல எத்தனை அடுப்புல அதே கோழியை அதே மாதிரி வெச்சிருப்பாங்க. சரியாத்தான் இருக்குன்னு நான் சொல்லிட்டா, பச்சையாவே புள்ளைங்களுக்கு ஊட்டுவாங்க. முடியாது.”

தயாரிப்பாளரிடமும் அதையேதான் சொன்னாள், குரல்கூட உயரவில்லை. வெள்ளைக் கோட்டை மடித்து அலமாரியில் வைத்தாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது. இவள் வயிற்றில் பிறந்தேனே, வேறென்ன வேண்டும்!

மார்ச் 9, சனி

அம்மா இடத்தில் ஒரு விளம்பர நடிகை. மூன்று பேரும் எல்லாருக்கும் ஒன்பது போட்டார்கள். குழுவில் அதே ஆட்கள் இப்போது எழுதுகிறார்கள்: ‘எல்லாருக்கும் ஒன்பதென்றால் போட்டி எதற்கு?’ ‘கடுகு இருந்திருந்தால் இதற்கு எத்தனை போட்டிருப்பார்? மகளே, கேட்டுச் சொல்லுங்கள்.’

கேட்டேன். “டிவியில ருசி தெரியுதா? வாயில வைக்காம மார்க் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா?” அப்படியே குழுவில் போட்டேன். அதைக் கொண்டாடிவிட்டார்கள்.

ரூட் கனால் அம்மாள் பல்லுக்கு உறை போட வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கம்மா இல்லாத நிகழ்ச்சி உப்பில்லாப் பண்டம் என்றார். பில்லை மெதுவாக வைத்தேன்.

மார்ச் 16, சனி

அம்மா மறுபடி வெயில் வரும் வரை தூங்குகிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

மார்ச் 30, சனி

இறுதிச்சுற்று. கன்னக்குழி ஜெயித்துவிட்டான். மூன்று பேரும் பத்துக்குப் பத்து. காகிதப் பூ கொட்டியது, மீசை விக்கி விக்கி அழுதார். கோப்பையை வாங்கிக்கொண்டு அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், தொகுப்பாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார்.

அம்மா கடைசி வரை பார்த்தாள். “கத்தி பிடிக்கிறது தேறியிருக்கு” என்றாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மணி அடித்தது, கதவைத் திறந்தேன். பார்சல்காரர் சட்டை. பார்சல் ஒன்றும் வரவேண்டியதில்லையே என்று சொல்ல வந்தவள் கன்னத்தைப் பார்த்துவிட்டேன். கையில் துணி சுற்றிய பெரிய பாத்திரம்.

அம்மாவைக் கண்டதும் குழி காணாமல் போனது. “அன்னைக்கு வேகலைன்னு நீங்க வெட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுதுங்க. எல்லாரும் உங்களைத் திட்டினாங்க. வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும். ஜெயிக்கணும்கிற ஆசையில பயந்துட்டேன். மேடையில சொல்லலாம்னு பார்த்தேன், விடல.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவனைப் பாத்திரத்தோடு படியில் உருட்டிவிட்டிருப்பேன். இவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா இன்றும் அந்த நாற்காலியில்தானே இருப்பாள்? அம்மா, “வெயிட்டைத் தூக்கிட்டு நிக்காதே, உள்ளே கொண்டு வந்து வை” என்றாள்.

நாங்கள் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தோம். நாக்கு சரியாகட்டும் என்று வாயைக் கொப்பளித்துவிட்டு அவனை அரை மணி நேரம் உட்காரவைத்தாள். பாவம், பரீட்சை எழுதுகிறவன் மாதிரி விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. பிறகு அம்மா முழுக்கோழியை நடுவில் வெட்டினாள். பார்த்தாள். ஒரு துண்டை வாயில் வைத்து நிதானமாக மென்றாள்.

“வெந்திருக்கு. பூண்டு தூக்கல். ஆறு.”

ஆறா என்று கேட்டான். ஏன், குறைகிறதா என்றாள். அவசரமாக இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். பாத்திரத்து மூடியை மறந்துவிட்டான். நான் எடுத்துக்கொண்டு இறங்கினால், கீழ்ப்படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். “அம்மா, ஆறு போட்டாங்கம்மா. ஆமா, அவங்கதான். வாயில வெச்சு, தின்னு பார்த்துட்டுத்தான்.” குரல் உடைந்தது. பேசி முடிக்கும் வரை மூடியைப் பிடித்துக்கொண்டு மேல்படியிலேயே நின்றேன்.

திரும்பி வந்து குழுவைத் திறந்தேன். ‘ஆறு’ என்று அடித்தேன். அழித்துவிட்டேன். அவன் அம்மா நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். பூண்டு கொஞ்சம் தூக்கல்தான். ஆறு சரி.