அம்மாவின் ஸ்கேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அங்கே என்னதான் வேலை என்று கேட்டீர்களே. ஸ்கேன் படத்தை அறுபத்து நான்கு துண்டாக்கி, ஆளுக்கொன்றாக அத்தனை கணினிகளுக்குப் பிரித்துக் கொடுப்போம். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்து முழு உருவத்தைத் திரையில் சேர்த்துத் தரும். நேற்று சோதித்துப் பார்க்க, என்னிடமிருந்த அம்மாவின் தலை ஸ்கேனைப் போட்டேன். கட்டி தெரியும் என்றுதான் நினைத்தேன். நான்கே நொடியில் அம்மாவின் முகமே வந்துவிட்டது, கண்மூடியபடி.

எங்களோடு வேலை பார்க்கும் டாக்டரம்மா கட்டியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"எங்கம்மா. ஒரு மாசம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாங்களா?"

"இல்லம்மா. இது ரொம்ப வருஷமா உள்ளுக்குள்ளயே பரவியிருக்கு. ஒரு மாசத்துல ஒண்ணும் மாறியிருக்காது."

அப்பா, 'நான்தான் தாமதப்படுத்திட்டேன்' என்று இனி சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் மறுத்துப் பேசியதே இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மன்னித்துவிடுங்கள்.

இங்கே குளிர். பீரோவில் அம்மாவின் பச்சை ஸ்வெட்டர் இருந்தால் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வாயாடி