மயில்துத்தப் பசையும் இருபத்திரண்டு குறுந்தகடுகளும்

8-7-2003, செவ்வாய்

விடாத மழை. பெஹாலாவில் முழங்காலளவு நீர். நிறுவன நூலகத்தை அடைந்தது மு.ப. 10.40. இருபத்தைந்து நிமிடத் தாமதம். காரணத்தைப் பதிவேட்டில் குறித்தேன்.

பணி: நான் முன்பு ஒட்டி, ஈரத்தில் சுருண்ட எண்சீட்டுகளைக் குறுந்தகடுகளில் மறுபடி ஒட்டுதல். ஆற்றாய்வுக் காலாண்டிதழின் இருபத்திரண்டு தொகுதிகள், தொகுதிக்கு ஒரு தகடு. 2001-இல் ஸ்கேன் செய்தவை. ஏழாம் தகட்டின் சீட்டை உரித்தேன். வெள்ளிப்பூச்சும் கூடவே வந்துவிட்டது. ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். தகட்டின் ஊடாக எதிர்வீட்டு மாடிச்சுவர் தெரிந்தது.

உறையிலிட்டு வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

குடைக்கம்பி முறிவு. ரத்த அழுத்த மாத்திரை நாளை வரைதான்.

9-7-2003, புதன்

தூறல். கணினிப் பிரிவின் சுமதியிடம், சும்மா பார்ப்பதற்கென்று சொல்லித் தகடுகளைக் கொடுத்தேன். பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என்னை வங்காள முறையில் 'மேஷோ', சித்தப்பா, என்பாள்.

"மேஷோ, இதுல என்ன போட்டு ஒட்டினீங்க?"

"பைண்டிங்குக்குக் கிண்டும் மைதாப் பசை. மயில்துத்தம் கலந்தது. பூச்சி அண்டாது."

"பூச்சியும் அண்டாது, கம்ப்யூட்டரும் அண்டாது." சிரித்தாள். ஆறாவது தகட்டுக்குப் பின் சிரிக்கவில்லை.

கணினி படிப்பவை: 5.
படிக்காதவை: 14.
இன்னும் பார்க்காதவை: 3. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஓய்வுபெறும்வரை துறைமுக நூலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் புத்தகங்களைக் காத்த அதே பசை. தகடுகளுக்கு மறுபிரதி இல்லை. ஸ்கேன் செய்தவர்கள் கடையை மூடிப் போய்விட்டனர்.

மிஞ்சியவை பின்னறையின் அச்சுத் தொகுதிகள் மட்டுமே. அவற்றைச் சனிக்கிழமை பழைய காகிதக்காரர் எடுத்துச் செல்கிறார். 'தகடுகள் இருபத்திரண்டும் சரிபார்க்கப்பட்டன' என்ற சான்றில் என் கையெழுத்து. நான் சரிபார்த்தது சீட்டுகளை.

10-7-2003, வியாழன்

புழுக்கம். செயலாளர் சர்க்கார் பாபுவின் அறை வாசல்வரை மூன்று முறை. மூன்றாம் முறை அவரே அழைத்தார். அவருக்கு எல்லாருமே 'மஷாய்', அதாவது ஐயா.

"ஆரே மஷாய், அந்த அறைக்கு விடுதலை! எல்லாம் ஒரே டிராயர்ல அடங்கிடுச்சு. உங்க புண்ணியம்தான்." கையில் ஒரு சந்தேஷ் இனிப்பு வைத்தார். தின்றேன். சொல்லவில்லை.

பி.ப. 2 முதல் 5 வரை மன்னிப்புக் கடிதம். நான்கு படிகள். மூன்றாவதில் தேதி தவறு, கிழித்தேன்.

வீட்டில் கமலம்: "ரெண்டு நாளா சோத்த அளைஞ்சுக்கிட்டே இருக்கீங்க. யாரு என்ன சொன்னாங்க?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல்தான் சொல்வார்கள். 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்பார்கள். அதற்குத்தான் பயப்படுகிறேன், ஆற்றின் பழைய ஆழ அளவைகள் வேறெங்கும் இல்லை என்பதற்கல்ல. எழுதவே கூசுகிறது.

11-7-2003, வெள்ளி

மு.ப. 11.05. கடிதத்தைக் கொடுத்தேன்.

சர்க்கார் பாபு இரு முறை படித்தார். கோபமில்லை, அதுதான் அச்சமூட்டியது. "மஷாய், மழைக்குப் பயந்து நேத்து சாயங்காலமே புத்தகக் கட்டையெல்லாம் ஏத்திட்டாங்களே."

நேற்று மாலை. நான் நான்காம் படியில் காற்புள்ளி திருத்திக்கொண்டிருந்தபோது.

சுமதி டாக்ஸி பிடித்தாள். கிடர்பூரில் பழைய காகிதக்காரரின் கிடங்கு. தார்ப்பாயின் கீழ் மலைமலையாகக் கட்டுகள். முழங்காலிட்டுத் தேடினேன். கிடங்குக்காரர் இந்தியில், "ஏன் சாச்சா அழறீங்க? காகிதம்தானே!" என்றார். அழுததை அப்போதுதான் உணர்ந்தேன்.

கிடைத்தவை பதினாறு. ஆறு தொகுதிகள் காலை லாரியில் ஆலைக்குப் போயின. கூழ்.

12-7-2003, சனி

வானம் வெறிச்சென்று. பத்து மணிக்கு நூலகம். சுமதி எஞ்சிய மூன்று தகடுகளையும் பார்த்து முடித்திருந்தாள். அவள் மடியில், கணினி படிக்கும் தகடுகளின் பட்டியல். என் கையில் கூழாகிப்போன ஆறு தொகுதிகளின் பட்டியல். நெடுநேரம் மடித்தே வைத்திருந்தேன்.

"சொல்லுங்க மேஷோ. எப்பிடியும் பாத்துத்தானே ஆகணும்."

"தொகுதி மூன்று."

"படிக்குது."

"தொகுதி ஒன்பது."

"இருக்கு, படிக்குது."

"தொகுதி பதினொன்று."

சுமதி பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலாக.